பின்னால் வந்த வண்டியின் நம்பர்

தயாளன் சார் போய்விட்டார். நேற்றுக் காலை, நெஞ்சுவலி. பழைய டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன்...

நசரத்பேட்டை பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இருவரும் கணிதம் எடுத்தோம். ஆவடியிலிருந்து ஒரே ஸ்டாஃப் பஸ். நான் டிரைவருக்குப் பின் சீட். அவர் கடைசி சீட்.

கரையான்சாவடி சிக்னலில் பஸ் நின்றால் ஒரு விளையாட்டு. முன்னால் நிற்கும் வண்டியின் நம்பரை நான் சொல்ல வேண்டும், பின்னால் நிற்பதை அவர். இரண்டையும் ஒட்டினால் எட்டு இலக்க எண்.

அது பகா எண்ணா, எதனாலாவது வகுபடுமா... கல்லூரி கேட் வருவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். போனைத் தொடக் கூடாது.

பெரும்பாலும் மூன்றோ ஏழோ பதினொன்றோ வகுத்துவிடும். நான் ஜெயிப்பேன். "இன்னா மேடம், ஒரு நம்பரையும் உயிரோட உட மாட்றீங்க" என்பார்.

ஒரு நாள் முன்னால் தண்ணீர் லாரி. 7393 என்றேன். பின்னாலிருந்து உடனே குரல் வந்தது, "9133."

73939133. எதுவும் வகுக்கவில்லை. கேட் வந்துவிட்டது. இறங்கும்போது, "வால கட் பண்ணிகினே போங்க மேடம்" என்றார்.

மதியம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். பகா எண்தான். கடைசி இலக்கத்தை நீக்கினால் 7393913, அதுவும் பகா எண். அப்புறம் 739391... 73939... 7393... 739... 73... 7. அத்தனையும்.

எட்டு இலக்கத்தில் இந்த வகை எண்கள் ஐந்துதான். அவற்றில் பெரியது இது. ஒன்பது இலக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. அது சிக்னலில் வந்து நிற்குமா?

"மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தீங்க சார்" என்றேன்.

"ஐய, மினி லாரி மேடம். செங்கல் ஏத்திகினு நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன்."

நான் நம்பவில்லை. அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் வேறு கல்லூரிக்கு மாறிய பிறகும், எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், "இப்பவாச்சும் நம்பறேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க மேடம்" என்பார். விளையாட்டாகத்தான் ஆரம்பிப்பார்... முகம் அப்படி இருக்காது. நான் ஆதாரம் கேட்பேன்.

இன்று அவர் வீட்டு வாசலில் அந்த பஸ்ஸை ஓட்டிய டிரைவர் நின்றிருந்தார். கேட்கிற இடம் இல்லைதான். கேட்டுவிட்டேன், அன்றைக்குப் பின்னால் செங்கல் லாரி நின்றதா என்று.

"இன்னா லாரி மேடம்? பின்னாடி கண்ணாடி பூரா அட்மிஷன் ஸ்டிக்கர் ஒட்டி கெடந்துச்சே. உள்ளேர்ந்து ஒண்ணுந் தெரியாது. சார் பாட்டுக்கு கண்ண மூடிகினு எதுனா சொல்லுவாரு. கடைசி சீட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும்."

அப்படியென்றால் அந்த ஒரு நாள் மட்டும் இல்லை. நான் ஜெயித்த எண்களும் அவர் கொடுத்தவைதான்.

நம்புகிறேன் என்று இனி சொல்லவே முடியாது, தயாளன் சார். அந்த 9133-ஐ வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமான வண்டி என் முன்னால் வந்து நிற்க எத்தனை காலைகள் காத்திருந்தீர்கள் என்று கேட்கத்தான் ஆசை...

போய் வாருங்கள்.