வாசலில் நிற்பவருக்கு மீட்பு உண்டா?

விவிலிய வகுப்பு எடுக்கிற எல்லோருக்கும் ஒரு பொது வியாதி உண்டு: பதில் தெரியாத கேள்வி வந்தால் "நல்ல கேள்வி" என்று சொல்லிவிட்டு மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்ப்போம். உங்களில் யாராவது, பக்கத்து அறையில் பாடகர் குழு ஒத்திகை நடந்துகொண்டிருக்க, பங்குக் கோயில் ஹாலில் தொண்டை வறள வகுப்பு எடுத்திருந்தால், நான் சொல்வது புரியும். மயிலாப்பூரில் எங்கள் பங்கில் புதன்கிழமை சாயங்காலம் பெரியவர்களுக்கான வகுப்பு. எடுத்துக்கொண்டிருந்தவர் மகனோடு இருக்க வெளிநாடு போய்விட, ஃபாதர் என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எனக்கு இடது பக்கமும் வலது பக்கமும் சமமாக வந்தாக வேண்டும். வராவிட்டால் கோபம் வரும், எழுதினது புனித பவுலாகவே இருந்தாலும்.

ஒரே சாட்சி, இரண்டு தரப்பு

ஒரு புதன்கிழமை போர்டின் இடது பக்கம் பவுல் என்று எழுதினேன், வலது பக்கம் யாக்கோபு. இரண்டு பேருமே விவிலியத்தில் கடிதம் எழுதினவர்கள். மனிதன் கடவுள் முன் நேராக நிற்பது மதச் சட்டப்படி அவன் செய்கிற செயல்களால் இல்லை, நம்பிக்கையால் என்கிறார் பவுல். வெறும் நம்பிக்கை போதாது, செயலும் வேண்டும், செயல் இல்லாத நம்பிக்கை செத்துப்போனது என்கிறார் யாக்கோபு. சரி, சாட்சிக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தால், இரண்டு பேரும் கையைக் காட்டுவது ஆபிரகாமை. நடுவில் ஒரு சமக்குறி போட்டு, அதன் தலையில் ஒரு கேள்விக்குறியையும் வைத்தேன்.

நான் தயார் செய்து வைத்திருந்த பதில் நல்ல பதில்தான். ஆபிரகாம் வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து, அத்தனை வாரிசுகள் வரும் என்று கடவுள் சொன்னதை நம்பியது முதலில். பெற்ற மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப் போனது ரொம்ப காலம் கழித்து. பவுல் முதலாவதைச் சொல்கிறார், யாக்கோபு இரண்டாவதை. பவுல் வாசலில் நின்றுகொண்டு, "நான் இவ்வளவு செய்திருக்கிறேன், என்னை உள்ளே விடு" என்று வருகிறவர்களிடம், "இங்கே டிக்கெட் கிடையாது, சும்மா வாங்க" என்கிறார். யாக்கோபு உள்ளே நிற்கிறார். வந்து உட்கார்ந்தாயிற்று, இனிமேல் வேலையில்லை என்று சாய்ந்துகொண்டவர்களை எழுப்புகிறார். ஆள் வேறு, அறிவுரை வேறு, சண்டை இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த குளோரி மட்டும் ஆட்டவில்லை. குளோரி குப்பத்தில் இட்லிக் கடை வைத்திருப்பவள். வகுப்பில் அவளுக்குத் திருப்தி வராமல் நான் மேலே போக முடியாது. "இன்னா டீச்சர், ரெண்டு பேரும் ஒரே வூட்டு ஆளுங்கதானே, உள்ளயே பேசி முட்சிக்கினு வந்து எழுதியிருக்கலாம் இல்ல?"

ஸ்கூட்டர்காரர்

வகுப்பு முடிந்ததும் மெர்சி எனக்காக நின்றாள். மெர்சி எங்கள் பங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். கணவர் அருணாசலம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தி.நகரில் ஒரு குறுக்குத் தெருவில் புடவைக் கடை. பிஷப்பிடம் அனுமதி வாங்கி எங்கள் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கூடவே நின்றார். அவர் மட்டும் வாங்கவில்லை. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு புதன்கிழமை தவறாமல் மெர்சியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். வகுப்பு முடிகிறவரை கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பார். உள்ளே வந்து ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று, சிரிப்பதோடு சரி. குளோரிக்கு முட்டி வலி வந்ததிலிருந்து முதலில் அவளைக் குப்பத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அப்புறம் திரும்பி வந்து மெர்சியை ஏற்றிக்கொண்டு போவார். வெள்ளத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிய வருஷம், குப்பத்து ஜனங்கள் மாற்றுத்துணி இல்லாமல் நின்றபோது, கடை ஷட்டரைத் தூக்கிவிட்டவர் அவர். விலை கேட்டவர்களைத் திட்டினார் என்றுகூடச் சொல்வார்கள்.

அவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு, பைபாஸ் செய்தாக வேண்டும், தேதியும் கொடுத்துவிட்டார்கள். மெர்சி இதைச் சொல்லும்போது அழவில்லை. கேட் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "டீச்சர், உங்க வாசல் கதை நல்லாதான் இருந்துச்சு, ஆனா எங்க வீட்டுக்காரரு உள்ள நிக்கிறாரா, வெளிய நிக்கிறாரா?"

கையில் ஆணி

நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறு என்ன செய்ய? அடுத்த வகுப்பில் ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய நல்ல கள்ளனை எடுத்துக்கொண்டேன். மெர்சிக்காகத்தான் எடுத்தேன். வாழ்நாளெல்லாம் திருடியவன், கடைசி மூச்சில் "என்னை நினைவில் வையும்" என்று கேட்டான், அன்றைக்கே பேரின்ப வீடு கிடைத்தது. ஒரு நல்ல காரியமும் செய்ய நேரமில்லை, நம்பிக்கை மட்டுமே, ஆகவே இவன் பவுலின் கட்சி என்று முடித்தேன். மெர்சியின் முகம் இன்னும் சுருங்கிப்போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கணவருடைய கணக்கு இதற்கு நேர் எதிர்க் கணக்கு. அவரிடம் செயல் நிறைய இருக்கிறது, மற்றது இருக்கிறதா என்பதுதான் அவள் பயம்.

பேச்சை மாற்றுவதற்காக, சாகப் போகிறவர்களுக்குத் திருச்சபை என்ன செய்கிறது என்று சொல்லத் தொடங்கினேன். ஆபத்து நேரத்தில் குரு இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் பெரியவர்கள் என்றால் அவர்களே விரும்பிக் கேட்க வேண்டும் என்றேன். மெர்சி இதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது எனக்கு அப்போது தெரியாது. குளோரி இன்னும் கள்ளனையே விடவில்லை. "கையில கால்ல ஆணி அட்ச்சி வுட்டுக்கீறாங்க, அவன் இன்னா பண்ணுவான் டீச்சர், வாய் ஒண்ணுதான் சும்மா கீது, அத்த வெச்சி, ஆண்டவர ஏசுன இன்னொரு கள்ளன தட்டிக் கேட்டான் பாரு, முட்ஞ்சத பண்ணிட்டுதான் போனான்."

எஸ்தரின் பயம்

அதற்கடுத்த வாரம் மெர்சியோடு அவள் தங்கை எஸ்தரும் வந்தாள். எஸ்தர் கல்யாணமாகிப் பாலவாக்கம் போனபிறகு அங்கே ஒரு ஜெபக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டவள். தோல் அட்டை போட்ட பைபிள், மூன்று கலரில் கோடு. அன்றைக்கு நான் கடைசித் தீர்ப்பைப் பற்றிப் பேசினேன். பசித்தவனுக்குச் சோறும் உடுக்க இல்லாதவனுக்குத் துணியும் கொடுத்தவர்கள், "ஆண்டவரே, எப்போது உமக்குக் கொடுத்தோம்?" என்று திகைத்து நிற்கிற இடம். அவர்களுக்கே தெரியாமல் அவருக்குச் செய்திருக்கிறார்கள். மெர்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். துணி என்ற வார்த்தை அவளை எழுப்பிவிட்டது.

எஸ்தர் உடனே பைபிளில் யோவான் நற்செய்தியைத் திறந்தாள். மகனை விசுவாசிக்கிறவன் தீர்ப்புக்குத் தப்பினான், விசுவாசியாதவன் மேல் ஏற்கனவே தீர்ப்பு வந்தாயிற்று என்று எழுதியிருக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள் என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிச் செலவும் பயமுமாக இருக்கிற அக்காவிடம் வந்து பேசுகிற பேச்சா இது என்று கேட்டே விட்டேன். எஸ்தர் பதிலுக்குக் கோபப்படவில்லை, கண் நிறைந்துவிட்டது. அப்பா போனபிறகு அவளைக் கல்லூரிக்கு அனுப்பியது அருணாசலம்தான் என்பது எனக்குத் தெரியாது. "மாமா நல்லவருன்னு எனக்குத் தெரியாதா டீச்சர், நல்லவர்ங்கிறதாலதான எனக்கு இவ்ளோ பயமா இருக்கு?"

ஃபாதரிடம்

ஃபாதரிடம் போனேன். தன் குற்றம் இல்லாமல் ஆண்டவரை அறியாதவராக இருந்து, மனசாட்சிப்படி வாழ்கிறவருக்குக் கதவு மூடியதில்லை என்று திருச்சபை சொல்வதை நிதானமாக விளக்கினார். நானும் விடவில்லை. அறியாதவர் என்று எப்படிச் சொல்வது ஃபாதர், வாராவாரம் கோயில் வாசலில்தானே நிற்கிறார், என் குரல் தெரு வரைக்கும் கேட்குமே என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு ஃபேன், அவருக்குக் கண்ணாடி. பிறகு சொன்னார். "டீச்சர், மார்க் போடுற வேலையைப் பள்ளிக்கூடத்தோட வெச்சுக்குங்க, இங்க பேப்பர் திருத்துறது நீங்களும் இல்ல, நானும் இல்ல."

மாதா பாட்டில்

ஆபரேஷன் அன்று காலையில் மெர்சி போன் செய்தாள். சாட்சிக்கு ஒருத்தர் வேண்டும், வர முடியுமா என்றாள். ஏதோ கையெழுத்துப் போடத்தான் என்று நினைத்து, அரைநாள் லீவு சொல்லிவிட்டு அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அருணாசலம் ஆஸ்பத்திரி அங்கியில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மயக்கத்துக்கு முன்னால் கொடுக்கிற ஊசியோ என்னவோ, அரைத் தூக்கம். மெர்சி கதவைச் சாத்திவிட்டுக் கைப்பையிலிருந்து வேளாங்கண்ணி பாட்டிலை எடுத்தாள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், மாதா உருவத்தில் பிளாஸ்டிக் பாட்டில், நீலக் கிரீடம்தான் மூடி, உள்ளே கோயில் தீர்த்தம். "நீங்கதான டீச்சர் சொன்னீங்க, யார் வேணா ஊத்தலாம்னு" என்றாள். அவரே கேட்கணும் மெர்சி, கேட்காமல் ஊற்றினால் அது வெறும் தண்ணீர்தான் என்றேன். "கேட்டு, வேணாம்னு சொல்லிட்டா?" என்றாள். தடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் தடுக்க முடியவில்லை.

கிரீடத்தைத் திருகிய சத்தத்தில் அவர் கண்ணைத் திறந்தார். பாட்டிலைப் பார்த்தார். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் மெர்சி அதிலிருந்து ஒரு வாய் கொடுப்பாள், அவரும் மறுபேச்சில்லாமல் குடிப்பார். "இப்பக் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கள்லா மெர்சி" என்றார். அவ்வளவுதான், மெர்சி உடைந்துபோனாள். எல்லாவற்றையும் கொட்டினாள். "நீங்க அங்க இல்லேன்னா நான் மட்டும் போயி என்ன பண்ணப் போறேன்?" என்று கேட்டாள். அவர் கையை நீட்டி அவளைக் கட்டிலில் உட்கார வைத்தார். பிறகு, "ஊத்தினா உனக்கு மனசு ஆறும்னா ஊத்து, தலையைக் காட்டுதேன். ஆனா நம்புதியான்னு கேப்பாங்கள்லா, அப்ப ஆமான்னு சொல்லணும். உன் சாமிகிட்ட முதமுதலா பேசும்போதே பொய் சொல்லச் சொல்லுதியா?" என்றார்.

மெர்சி என்னைப் பார்த்தாள். ஏசி அறை, அங்கே பார்ப்பதற்கு ஒரு ஃபேன்கூட இல்லை. நம்பிக்கை இல்லாமல் செய்கிற செயல் என்று பவுல் திட்டியது இதைத்தானோ என்று ஒரு நினைப்பு ஓடியது. பொய் சொல்ல மாட்டேன் என்கிறவருக்கு அந்தச் சாமி மேல் இருக்கிற மரியாதைக்கு என்ன பெயர் என்று இன்னொரு நினைப்பு. மெர்சியே மாதாவின் தலையில் கிரீடத்தை வைத்துத் திருகி மூடினாள். தள்ளுவண்டி வந்துவிட்டது. அவரை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்போது, கூடவே நடந்த மெர்சியின் கையைப் பிடித்துச் சொன்னார். "புதங்கெழம நீ வெளிய வருவேன்னு நம்பித்தான வாசல்ல நிக்கேன், இன்னைக்கு நீ நில்லு."

திரும்பவும் புதன்கிழமை

நின்றாள். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு எதிரே வரிசையாக நாற்காலி கிடந்தது. எஸ்தர் வந்து கையைப் பிடித்து இழுத்தாள், முட்டி வலியோடு வந்து சேர்ந்த குளோரி அதட்டினாள், அவள் உட்காரவே இல்லை. நானும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, கடைசியில் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன். எஸ்தரும் வந்து நின்றாள். மூன்று பேரில் யார் ஜெபம் செய்தோம், யார் சும்மா நின்றோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மத்தியானம் தாண்டி டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். மெர்சி அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால் இப்போது ஆட்டோவில் வருகிறார்கள், குளோரிக்கும் அதில் இடம் உண்டு. அவர் இன்னும் உள்ளே வரவில்லை, மெர்சியும் கூப்பிடுவதில்லை. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார் என்று பவுலை இடது பக்கமும் யாக்கோபை வலது பக்கமும் மறுபடி எழுதினேன். நடுவில் சமக்குறி போடப் போன கை அங்கேயே நின்றது. பதிலைப் பழையபடி நட்சத்திரத்திலிருந்து மலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது, பாதியில் மெர்சி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "டீச்சர், சீக்கிரம் முடிங்க, அவர் ரொம்ப நேரமா நின்னுட்டிருக்காரு."

நம்பிக்கையா செயலா என்று இப்போது யாராவது கேட்டால், நான் ஃபேனைப் பார்ப்பதை விட்டுவிட்டு, முதலில் கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.