அக்காவின் பல்லுக்கு நேர்ந்த கிடா

என் அக்கா சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் புகாராகவே வந்து சொன்னது இது. நர்சிங் படித்து முடித்த அக்கா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போனபோது, தெருவே செத்துப்போய்விட்டது என்று அதே மனிதர் வந்து வருத்தப்பட்டார். அங்கிருந்து கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்து அனுப்புவாள். அதில் பாதி பேச்சு, பாதி சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறாள் என்றே பல நேரம் புரியாது. ஆனாலும் அம்மாவும் நானும் டேப் ரிக்கார்டருக்கு முன்னால் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து சிரிப்போம்.

பிறகு அவள் கணவனோடும் மகளோடும் இங்கிலாந்துக்குப் போனாள். கேசட் போய் டெலிபோன் வந்தது. இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒரு கட்டத்தில் அவள் பேச்சு சுருங்கத் தொடங்கியது. நாங்கள் பத்து வார்த்தை பேசினால் அவள் ‘ம்’ என்பாள், ‘சரி’ என்பாள். சிரிப்பு மட்டும் வரவே வராது. வெள்ளைக்காரிகளோடு பழகி அடக்க ஒடுக்கமாகிவிட்டாள் போலிருக்கிறது என்று நான் அம்மாவிடம் கேலி பேசினேன். அம்மாவுக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை.

ஒரு ஜூலை மாதக் கடைசியில் அவள் மட்டும் தனியாக ஊருக்கு வந்தாள். திருச்சி விமான நிலையத்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தவளைப் பார்த்து, ஜலதோஷம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மாதான் பொறுக்க முடியாமல் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. கழற்றி மாட்டும் செட்டுப் பல் கைக்குட்டைக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஈறு கெட்டுப்போய் பற்கள் ஒவ்வொன்றாக ஆடியிருக்கின்றன. மருத்துவமனை வேலை, வீட்டு வேலை என்று அவளும் தள்ளிப்போட்டிருக்கிறாள். அங்கே பல்லைப் பிடுங்குவது சுலபமாம், திரும்ப வைப்பதுதான் பணக்காரர்கள் சமாச்சாரமாம். தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன் மேல் பல் கட்ட அவர்கள் கேட்ட தொகையில், தாடிக்கொம்புப் பக்கம் ஒரு மனையே வாங்கிவிடலாம். கூட வேலை பார்க்கிற மலையாளப் பெண் ஒருத்தி கொச்சியில் போய்ப் பல் கட்டிக்கொண்டு வந்தாளாம். விமான டிக்கெட்டையும் சேர்த்தாலும் அங்கே ஆகிறதில் பாதிகூட ஆகாது என்று அவள்தான் அக்காவுக்கு வழி காட்டியிருக்கிறாள். சம்பாதிக்கச் சீமைக்குப் போனவள் பல் கட்ட மதுரைக்கு வருகிறாள் என்றால் அந்தச் சீமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கத்தினேன். கத்தி என்ன ஆகப்போகிறது.

அக்கா ஒரு விஷயத்தை மெதுவாகச் சொன்னாள். ஒரு வயதான நோயாளியிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்தச் செட்டுப் பல் கழன்று அவருடைய போர்வை மேல் விழுந்துவிட்டதாம். அவர் அதை எடுத்து, நன்றி வேறு சொல்லி, அவள் கையில் கொடுத்தாராம். “நல்ல மனுஷன்டி. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்” என்றாள். அன்றிலிருந்து வேலையிடத்தில் அவள் சிரிப்பதில்லை.

அக்டோபரில் அவள் மகளுக்குக் கல்யாணம். அங்கேயே மாதா கோயிலில் பூசை வைத்து, நம் ஆட்களும் அந்த ஊர் ஆட்களுமாகக் கூடுகிற கல்யாணம். பெண்ணின் தாய் வாசலில் நின்று வருகிறவர்களையெல்லாம் வரவேற்க வேண்டும். “அன்னைக்கு ஒரு நாளாவது நான் வாயத் தொறந்து சிரிக்கணும்டி. போட்டோவுல செத்த மூஞ்சியா நின்னா எம்மக வருத்தப்படுவா” என்றாள். அவள் வந்தது அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களுக்கு ஊரறிந்த பழமொழிகள் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டன. ஒருத்தர் ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார், இல்லாத பல்லுக்கு. இன்னொருத்தர் பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்று சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே நினைத்து வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர்கள் குடித்த டம்ளர்களைச் சத்தம் வரக் கழுவினேன்.

மதுரையில் நாங்கள் பார்த்த பல் டாக்டர் பொறுமையானவர். இரண்டு திருகாணி இறக்கலாம், ஆனால் எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள நாலைந்து மாதமாவது ஆகும், அதற்கப்புறம் வந்தால் நிரந்தரப் பல் கட்டலாம் என்றார். அக்காவுக்கு அந்த வருஷத்து லீவு முழுவதும் இந்தப் பயணத்தோடு சரி. அதைச் சொல்ல ஆரம்பித்தவள் பாதியில் அழுதுவிட்டாள். டாக்டர் யோசித்துவிட்டு, திருகாணி மேலேயே தற்காலிகமாக நாலு பல் ஒட்டித் தருவதாகச் சொன்னார். “ஆனா இது பாக்குறதுக்கு மட்டுந்தாம்மா. இதால எதையும் கடிக்கக் கூடாது. கஞ்சி, இட்லி, கொழைஞ்ச சோறு, அம்புட்டுதான். திருகாணி துளி அசைஞ்சாலும் எலும்பு பிடிக்காது.” அக்கா நர்ஸ். என்னைவிட அவளுக்கு இது நன்றாகவே புரிந்திருக்கும்.

பல் வைத்துக்கொண்டு வந்த அன்று, திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கைக்கண்ணாடியை எடுப்பதும் வைப்பதுமாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது. வீட்டு வாசலில் அம்மாவைப் பார்த்து ‘ஈ’ என்று காட்டினாள். பிறகு சிரித்தாள். வலியோடு சிரித்ததால் பழைய சத்தம் இல்லை, ஆனாலும் அது அவள் சிரிப்புதான். அம்மா அவள் கன்னத்தைத் தொடப் பயந்து, காற்றிலேயே தடவிக்கொடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் அன்று அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அம்மா தன் நேர்ச்சையை வெளியே சொன்னாள். அக்காவின் வாயைப் பார்த்த முதல் நாளே, அடுப்படிக்குள் நின்றபடி, செபஸ்தியாருக்கு ஒரு கிடா நேர்ந்துகொண்டாளாம். மகளுக்குப் பல் வந்தால் கிடா. இப்போது பல் வந்துவிட்டது. ஆகஸ்டில் கோயில் திருவிழாவும் வந்துவிட்டது.

எங்கள் திருவிழாவைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நேர்ந்துகொண்டவர்கள் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பெரிய பெரிய அண்டாக்களில் சமைத்து, வருகிற எல்லாருக்கும் சோறு போடுவார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்பதில்லை. ஊரே வந்து வரிசையில் உட்காரும். எங்கள் வீட்டில் இதற்கு மேல் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காக நேர்ந்ததோ அவர் முதல் கவளத்தை வாயில் வைத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடலாம். அது சாமி சோறு என்பதால் இலையில் மிச்சம் வைக்கக் கூடாது, துப்பவும் கூடாது.

“அம்மா, இது நெசப் பல்லு இல்லம்மா. சும்மா ஒட்டி வச்சிருக்கு. நெசப் பல்லு வந்தப்புறம் கிடா வெட்டலாம்” என்றேன்.

“பல்லு தெரியுதுல்ல? வாங்கிட்டு இன்னும் வாங்கலன்னு சாமிகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?”

“அவ கறி திங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“சாமி சோறு யாருக்கும் ஒண்ணும் செய்யாதுடி. அப்புறம் அவ எப்ப வாரா எப்பப் போறான்னு யாரு கண்டா?”

அக்காவைப் பார்த்தேன். எனக்குத் துணையாகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவளோ, “விடுடி. கறியத் தள்ளிட்டுச் சோத்த மட்டும் கொழைச்சு முழுங்கிருவேன். அம்மா சந்தோஷத்துக்குத்தானே” என்றாள். இங்கிலாந்தில் எத்தனையோ பேருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தவள், அம்மா முன்னால் கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கப் போகும் சின்னப் பிள்ளையாகிவிட்டாள். இரண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டால் அந்த வீட்டில் என் பேச்சு எடுபடாது. என்றைக்கும் எடுபட்டதில்லை.

திருவிழா அன்று சாயங்காலம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். கூடையில் சோறு வந்தது. வெள்ளைச் சோறும் தனிக் குழம்பும் என்றுதான் அக்கா கணக்குப் போட்டிருந்தாள். பரிமாறுகிறவர்கள் நடந்துகொண்டே ஒரு கரண்டி சோறு, அதன் தலையில் ஒரு கரண்டி கறிக்குழம்பு என்று ஊற்றிக்கொண்டே போய்விட்டார்கள். அத்தனை ஆட்டை வெட்டுகிற அவசரத்தில் எலும்பு சிராய் சிராயாகத் தெறித்துக் குழம்பில் கலந்திருக்கும். எங்களுக்கு அது பழக்கம். நாக்கால் தேடி ஓரத்தில் ஒதுக்கிவிடுவோம்.

அக்கா சோற்றைப் பிசைந்தாள், குழந்தைக்குப் பிசைவது போல நசுக்கி நசுக்கிப் பிசைந்தாள். அம்மா தன் இலையில் கை வைக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு கவளத்தை வாயில் வைத்தாள்.

இரண்டாவது அசைவில் அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்கே சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவள் கண்களில் நீர் திரண்டதைத்தான் பார்த்தேன். “துப்புக்கா, துப்பு” என்று என் உள்ளங்கையை நீட்டினேன். அவள் தலையை ஆட்டினாள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள், எதிர்வரிசை பார்த்துக்கொண்டிருக்கிறது, வாயில் இருப்பது சாமி சோறு. அப்படியே விழுங்கினாள். அம்மா மனசு நிறைந்து தன் இலையில் கை வைத்தாள். நீட்டிய கையை நான் மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நாக்கால் தொட்டாலே நான்கு பற்களும் சேர்ந்து ஆடின. அம்மாவிடம் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், என்னம்மா சாப்பிட்டீங்க என்று கேட்டார். அக்கா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சொன்னேன். அவருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் “அடடா” என்று மட்டும் சொன்னார். ஒரு திருகாணி பிடி விட்டுவிட்டது. அதை விட்டுவைத்தால் சீழ் பிடிக்கும், எடுத்துவிட வேண்டும். இன்னொன்றை ஈறுக்குள் மூடி வைத்துவிடலாம். ஒன்றை மட்டும் நம்பி நாலு பல் ஒட்ட முடியாது. புண் ஆறி, எலும்பு வளர்ந்து, மறுபடி முதலிலிருந்து.

“அக்டோபருக்குள்ள ஏதாவது?” என்று அக்கா கேட்டாள்.

“பழையபடி செட்டுதாம்மா. அதுவும் ஈறு ஆறினப்புறம் அங்க போயிப் புதுசா அளவெடுத்துக்கங்க.”

பஸ்ஸில் திரும்பும்போது அவள் கைக்கண்ணாடியை எடுக்கவில்லை. எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அம்மா பாசத்தில்தான் செய்தாள். சாமியைத் திட்டலாம் என்றால், கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தானே கிடாயை வாங்கிக்கொண்டார். வாடிப்பட்டி தாண்டும்போது அக்கா கைக்குட்டைக்குள்ளிருந்து பேசினாள். “அம்மாகிட்டச் சொல்லாதடி. தற்காலிகப் பல்லு, கழட்டிட்டாங்க, அங்க போயி நெசப் பல்லு வைக்கச் சொல்லிட்டாங்கன்னு சொல்லிரு.” நான் அப்படியே சொன்னேன். அம்மா நம்பினாள்.

கல்யாணப் போட்டோக்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தன. மகள் சிரிக்கிறாள், மாப்பிள்ளை சிரிக்கிறான், அத்தான் சிரிக்கிறார். அக்கா பட்டுப்புடவையில் உதடுகளை இறுக்கிப் பூட்டிக்கொண்டு நிற்கிறாள். புதுச் செட்டு வாயில்தான் இருந்தது, அதை நம்பிச் சிரிக்கத்தான் தைரியமில்லை என்று என்னிடம் மட்டும் போனில் சொன்னாள். அடுத்த வருஷம் அத்தானுக்கு இருதயக் கோளாறு வந்து லீவெல்லாம் அதில் போனது. மதுரை டாக்டர் மூடி வைத்த அந்த ஒற்றைத் திருகாணி அவள் ஈறுக்குள் அப்படியே கிடந்தது.

போட்டோ வந்த அன்று அம்மா அதை நெடுநேரம் பார்த்தாள். ஏன் இவள் சிரிக்கவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் திருவிழா வந்தபோது இன்னொரு கிடா வாங்கிக் கட்டினாள். எதற்கு என்று கேட்டதற்கு, “எம்மகளுக்குத்தான்” என்றாள்.

அதே தெரு, அதே வரிசை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் இலை போடும் அளவுக்கு இடம் விட்டு அம்மா உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, கறிக்குழம்பு விழுந்தது. நேர்ந்தது யாருக்காகவோ அவள் கடல் தாண்டி இருக்கிறாள், முதல் கவளம் வைக்க ஆளில்லை. அம்மா தன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவளுக்குப் பதிலா நீ வாயில வைடி.”

வைத்தேன். இரண்டாவது அசைவிலேயே எலும்புச் சிராய் பல்லில் பட்டது. ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கத் தோன்றவில்லை. நறநறவென்று கடித்தேன். அழுகை வந்தது. அம்மா என் முதுகைத் தடவி, “நொறுங்கத் தின்னா நூறு வயசு. நல்லா மென்னு தின்னு தாயி” என்றாள்.

நன்றாகத்தான் மென்றேன். என் வாயில் எல்லாப் பல்லும் இருந்தது.