பங்கு போட்ட மாத்திரை

மருந்துச் சோதனை என்று டாக்டர் சொன்னால், சோதிக்கப்படுவது மருந்தா, நீங்களா என்று கேட்டிருக்கிறீர்களா? கல்வராயன் மலையில் சாமை விதைக்கும் வெள்ளச்சி கேட்கவில்லை. ரத்தச் சோதனை, சளிச் சோதனை போல இதுவும் ஒன்று என்று நினைத்தார்.

அவருக்குப் பெருங்குடலில் புண். நாள்தோறும் ரத்தப் பேதி. தங்கை சாமியம்மாளுக்கும் அதே நோய். பூசாரி கட்டிய தாயத்தை அறுத்தெறிந்துவிட்டு இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் பேருந்து ஏறினார்கள். அங்கிருந்து வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு மருந்துகளில் எது நல்லது என்று ஒப்பிடும் ஆய்வு நடந்தது. சம்மதப் படிவத்தில் இருவரிடமும் கைநாட்டு வாங்கினார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. அக்காவுக்கு வெள்ளை மாத்திரை, தங்கைக்குப் பழுப்பு.

"உனுக்கு மட்டும் வெள்ளக்காரி நெறத்துல. எனுக்குப் பாரு, மண்ணாங்கட்டி!" என்று சாமியம்மாள் வழியெல்லாம் சிரித்தார்.

மண்ணாங்கட்டிதான் வேலை செய்தது. தங்கைக்கு ரத்தம் நின்றது, அக்காவுக்கு நிற்கவில்லை.

"எந்துல பாதி நீ தின்னுக்கா. உந்துல பாதி எனுக்குக் குடு. ஒரே வவுத்துல பொறந்துட்டு நான் மட்டும் நல்லாயிருந்தா ஆவுமா?"

அன்று முதல் ஒவ்வொரு மாத்திரையையும் அரிவாள்மனையில் வெட்டிப் பங்கிட்டார்கள். தங்கைக்கு மீண்டும் ரத்தம் போனது. சாமைக் கொல்லையிலேயே மயங்கி விழுந்த வெள்ளச்சியை அதே மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள்.

"மாத்திரையை விடாம சாப்பிட்டீங்களா?" என்றார் ஆய்வு டாக்டர்.

"ஒரு வேள கூட வுடலிங்க. பாதிப் பாதி பங்கு போட்டுக்கினோம்" என்றார் சாமியம்மாள்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "இது என்ன ஆட்டுக்கறியா, கூறு போட? ஆய்வே கெட்டுப்போச்சே!"

"சோதனைன்னீங்க. அன்னிக்கே ரத்தம் எடுத்துக்கினீங்களே, அதோட முடிஞ்சிதுன்னு இருந்தோம்" என்றார் சாமியம்மாள்.

இருவரையும் ஆய்விலிருந்து நீக்கினார்கள். நாளை முதல் மாத்திரை கிடையாது, வெளியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, வெள்ளச்சி கேட்டார்: "அப்ப எங்க நோவும் நாளைக்கு நின்னுடுங்களா?"

இதையெல்லாம் என்னிடம் சொன்னவர் சாமியம்மாள். மருந்தை மருந்தோடு ஒப்பிடாமல் அறிவியல் வளராது. ஆய்வை நான் பழிக்க மாட்டேன். ஆனால் ஒரு மனிதருக்குப் புரியாததில் அவருடைய கைநாட்டை வாங்குவதற்கு அறிவியல் என்றா பெயர்? மோசடி என்பேன்.

உங்கள் தெருவில் யாரையாவது மருந்து ஆய்வுக்குக் கூப்பிட்டால் கூடவே போங்கள். என்ன மருந்து, இடையில் நிறுத்தினால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். நோயாளி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை அவர் கட்டைவிரலில் மை தடவ விடாதீர்கள்.