குழாய்க்குக் கட்டிய வைக்கோல்

பிள்ளைகளே, நம் கிணற்றடித் தொட்டியிலிருந்து வரும் இரும்புக் குழாயில், தரையை ஒட்டி ஒரு சாண் உயரத்துக்குத் துருவேறி இருக்கிறதே, அது தானாக வந்த துரு அல்ல. அறுபதுகளில் ஒரு மார்கழி. பட்டாளத்திலிருந்து லீவில் வந்த உங்கள் தாய்மாமன் கட்டிய வைக்கோல் விட்டுப்போன தடம் அது.

உத்திரமேரூரில் மார்கழி என்றால் ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கும், தண்ணீர் உறையாது. அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் வந்த மறுநாளே வைக்கோலைப் பிரியாக முறுக்கிக் குழாயைச் சுற்றினான். மேலே கோணிச் சாக்கு வைத்துத் தைத்தான். குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விட்டான். ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாதாம்.

"இன்னாடா மச்சான், கொயாய்க்குக் குளிர் ஜுரமா? கஷாயம் வெச்சி ஊத்தட்டா?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "அங்க பனிமல கேம்ப்புல ஒரு நாளு சாக்கு கட்ட மறந்துட்டேன், மாமா. விடிஞ்சி பாத்தா கொயாய் கல்லு மாதிரி கீது. பக்கத்துக் கட்டில்காரன் பக்கெட்ட எடுத்துக்கினு ஆத்துக்குப் போனான். கால் வெச்ச எடத்துல ஐஸு ஒடைஞ்சிடுச்சி. பக்கெட்டுதான் கெடச்சிது."

சொட்டிய தண்ணீரில் வைக்கோல் ஊறியது. ஈரத்துக்குத் தவளை வந்தது. தினமும் கத்திக்கொண்டிருந்தது, ஒரு நாள் நின்றுவிட்டது. சனியன் தொலைந்தது என்று நினைத்தேன். தவளை ஏன் நின்றது என்று யோசிக்கவில்லை.

மறுநாள் காலை உங்கள் பெரியக்கா, அப்போது நான்கு வயது, தவளையைத் தேடிச் சாக்குக்குள் முழங்கை வரை கை விட்டாள். "மாமா, உள்ள சில்லுனு கயிறாட்டம் ஒண்ணு கீது" என்று சிரித்தாள்.

"பாப்பா, கைய ஆட்டாத." அவன் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை ஒட்டியே தன் கையை உள்ளே நுழைத்து, அவள் கையை வெளியே தள்ளினான். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. அவன் கை வெளியே வர நேரமாயிற்று. கட்டுவிரியன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் என் தோளில் சாய்ந்திருந்தான். வலி இல்லை என்றான். கண் இமை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. "கொயாய மூடிட்டீங்களா, மாமா?" என்று ஒரு தரம் கேட்டான். மூடவில்லை. நான் மட்டும் திரும்பி வந்தபோதும் அது சொட்டிக்கொண்டிருந்தது.

நேற்று பெரியக்கா வந்திருந்தாள். துருவைச் சுரண்டி பெயிண்ட் அடித்துவிடலாமே அப்பா என்றாள். அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. வேண்டாம் என்றேன். அவள் போன பிறகு குழாயைத் தொட்டுப் பார்த்தேன். இதுவும் மார்கழிதான். அப்படியொன்றும் குளிராக இல்லை.