மேல்நோக்கிய கீறல்கள்

நான் ஒரு பெண்ணின் விரல்களைச் சுத்தியலால் உடைத்தவன். மைசூரில் நிலவியல் பேராசிரியராக இருந்தேன். அவள் என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தாள்.

பாகல்கோட்டைப் பக்கத்து மணற்கல் குன்றுகள் மிகப் பழைய காலத்தில் கடலடியில் கிடந்தவை. நிலம் இரு பக்கமும் இழுபட்டுப் பிளந்தது. பிளவின் ஒரு பக்கம் சரிந்து இறங்க, அந்தப் பள்ளத்தில் மணல் சேர்ந்து இறுகியது. அந்தப் பள்ளம் இழுபட்டது மட்டும்தான், பிறகு ஒருபோதும் நெருக்கப்படவில்லை என்பது என் கொள்கை. என் பெயர், பதவி எல்லாம் அதனால் வந்தவை.

அவள் ஹனூரை அடுத்த ராமாபுரத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். பட்டம் கிடைத்தால் ஒரு கல்லூரியில் வேலை உறுதி. பிளவின் முகத்திலிருந்து ஒரு பலகைக் கல்லைப் பெயர்த்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றையொன்று உரசி நகரும் பாறைகள் கீறல் விட்டுப்போகும். எதிர்ப்பக்கத்துப் பாறை நகர்ந்த திசையில் தடவினால் கை வழுக்கும், மறுதிசையில் தட்டும்.

"தொட்டுப் பாருங்க சார். பழைய கோட்டுல கீழ தடவுனா வழுக்குதுங்க. அதும்மேல விழுந்த கோட்டுல மேல தடவுனாத்தான் வழுக்குது. இறங்குனது திரும்ப ஏறியிருக்குதுங்க. சந்தை நாள் பஸ்ஸாட்ட நெருக்கியிருக்குது."

அறையில் இருந்த மற்ற இரண்டு மாணவர்களும் சிரித்தார்கள்.

"கல்லைத் தலைகீழாப் பிடிச்சிருக்கேம்மா. டிராக்டர் ஓட்டற வீட்டுல மேல எது கீழ எதுன்னு யாரு சொல்லித்தரா?"

"பேத்தெடுக்கறதுக்கு முன்னாடியே மேல்பக்கம் பாத்து அம்புக்குறி போட்டுட்டேனுங்க," என்று பெயிண்டால் வரைந்த குறியைக் காட்டினாள். "டிராக்டரையும் நாங்க தலைகீழா ஓட்டறதில்லீங்க சார்."

மறுபடி சிரிப்பு. மேசைமேல் கிடந்த சுத்தியலை எடுத்தேன். அவள் வலது கை கல்லின்மேல் இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் அடித்தேன். இரண்டு விரல்கள் நசுங்கின. அவள் கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்த பிறகும், ரத்தத்தோடு சேர்த்து அந்த அம்புக்குறி பொடியாகும்வரை அடித்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தவளிடம், "கல் விழுந்துடுச்சுன்னு சொல்லும்மா. உன் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடவேண்டியவன் நான்," என்றேன். டாக்டரிடம் அப்படியே சொன்னாள். அந்த இருவரும் அப்படியே சொன்னார்கள். அவர்களுக்கும் நான்தான் வழிகாட்டி.

பிறகும் நான் கையெழுத்துப் போடவில்லை. அவள் முடிவுக்கு ஆதாரம் இல்லை என்றேன். ஆதாரத்தை உடைத்தவன் நான். கல்லூரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. அவள் ஊர் திரும்பினாள்.

ஓய்வுபெற்ற பின், இந்த ஆண்டுதான், அவள் கல் பெயர்த்த அதே பாறைக்குக் கைத்தடியோடு போனேன். தடவிப் பார்த்தேன். மேல்நோக்கி வழுக்கியது. அவள் சொன்னது சரி, என் கொள்கை தவறு என்று ஓர் ஆய்விதழில் எழுதி, அவளுக்கும் அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"படிச்சேனுங்க," என்றாள். "கல்லப் பத்தி எனக்கு அன்னிக்கே தெரியும். கையப் பத்தி ஒரு வரிகூட இல்லீங்களே சார்?"

"ஆய்விதழில் அதையெல்லாம் எழுத முடியாதும்மா."

"அப்ப எங்க எழுதுவீங்க?"

இணைப்பைத் துண்டித்தாள்.