ஜெனித்: தலைக்கு நேர் மேலே

போன வாரம் திருப்பதியில் ஒரு விக் வாங்கினேன். எனக்கல்ல, மருமகள் சரளாவுக்கு. அவளைக் கேட்காமலே.

சரளா சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆனால் முடி காணிக்கை தருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஆனாள். உடனே திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஆண்டு விழாவோ நெருங்கிவிட்டது. பள்ளியின் கரஸ்பாண்டன்ட் எனக்கு போன் செய்து தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்.

"பேரன்ட்ஸ் போட்டோ எடுப்பாங்க சார். மேடம் ஒரு விக் வச்சிக்கினா நல்லா இருக்கும் கதா? இல்லன்னா வைஸ் பிரின்சிபால் பேசட்டும்."

ஹெட்மிஸ்ட்ரஸாக அவள் ஏறப்போகும் முதல் மேடை. அது பறிபோய்விடுமோ என்று பயந்தேன்... இல்லை, அது பாதிப் பொய். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. "பாத்துக்கறேன்" என்றேன். காலமெல்லாம் கல்லூரியில் இங்கிலீஷ் நடத்தியவன் – 'முடியாது' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை.

பெட்டியைத் திறந்த சரளா சிரித்தாள்.

"ஏன் மாமா, நான் மலைல குட்த்துட்டு வந்தத நீங்க கீழ கடைல வாங்கிக்கினு வந்துட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"நான் இப்டியேதான் பேசுவேன். வேணாம்னா அவரே வந்து மைக்க புடுங்கட்டும். அத வுடுங்க... விழாவுக்கு 'ஜெனித்'னு பேர் வச்சிக்கிறாங்க. உச்சம்னு தெரியும். எங்கேந்து வந்த வார்த்தை அது?"

அரபு வானியலாளர்களின் சொல் என்றேன். 'தலைக்கு மேலுள்ள வழி' என்று பொருள். லத்தீனில் எழுதியவர்கள் கையில் தேய்ந்து, உருமாறி, இங்கிலீஷுக்கு வந்தது. நிற்பவரின் தலைக்கு நேர் மேலே வானத்தில் இருக்கும் புள்ளிதான் ஜெனித். வெற்றி என்ற அர்த்தமெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது.

அன்றே கரஸ்பாண்டன்ட்டுக்கு போன் செய்தேன். "விக் கிடையாது. அவதான் பேசுவா. நான் ஒத்துக்கிட்டது தப்பு." அவர் போனை வைத்துவிட்டார்.

விழாவன்று மைதானத்தில் நல்ல வெயில். மைக்கை யாரும் பிடுங்கவில்லை. முன்வரிசையில் சில அம்மாக்கள் கிசுகிசுத்தார்கள். சரளா மொட்டைத் தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஜெனித் இதுக்கு நேர் மேல இருக்குது. நீங்க எங்க போய் நின்னாலும் உங்களுக்குன்னு ஒண்ணு கூடவே வரும். அத யாரும் எடுத்துக்கினு போக முடியாது."

பிள்ளைகள் எல்லோரும் தலையில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்கள். கரஸ்பாண்டன்ட்டும்தான்.

எனக்கு இளம் வயதிலேயே வழுக்கை. அந்தத் தலையோடு எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். விக் வைத்துக்கொள்ளச் சொல்லி இதுவரை ஒருவர்கூட போன் செய்ததில்லை.