நான் எழுதாமல் விட்ட குறிப்பு

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்கள் பலவற்றுக்குள் அவர் போயிருக்கிறார். எதற்குள்ளும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. அதனால் ஒரு பெரிய நிதி நிறுவனம் தன் பட்டதாரிப் பயிற்சித் திட்டத்துக்கு என்னை எடுத்தபோது, வேலையைவிட அந்தக் கண்ணாடி முன்வாசல்தான் வீட்டில் பெரிய பேச்சாக இருந்தது.

முதல் நாள் பயிற்சிக்கு வந்த பன்னிரண்டு பேரையும் வட்டமாக உட்காரவைத்து, தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். என் முறை வந்தபோது அப்பாவின் வேலையையும் சேர்த்துச் சொன்னேன். எதற்குச் சொன்னேன்? பெருமையா, வேறு யாராவது சொல்வதற்குள் முந்திக்கொள்ளும் பயமா? இன்றுவரை தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன், "அப்ப லிஃப்ட் நின்னா கவலையில்ல, நம்மகிட்டயே ஆள் இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னுடைய அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

அன்றிலிருந்து நான் 'லிஃப்ட்'. அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'மாப்பிள்ளை'. சாதாரணத் திங்கட்கிழமைக்குக்கூடக் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவன் மாதிரி உடுத்தி வருவான். அவன் அப்பாவும் மாமாவும் வங்கி அதிகாரிகள்.

கடன் பிரிவில் எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டார்கள். கடன் கேட்கும் நிறுவனத்தின் கணக்குகளை ஒருவர் எக்செலில் போட வேண்டும். மற்றவர் குறிப்புப் பக்கம் எழுதி, கடன் தரலாமா என்று முடிவெடுக்கும் கமிட்டி முன்னால் பேச வேண்டும். எந்த எண் ஏன் அப்படி இருக்கிறது என்று காரணம் சொல்வதுதான் குறிப்புப் பக்கம். பேசுவது தன் வேலை என்று மாப்பிள்ளை முதலிலேயே எடுத்துக்கொண்டான். அதனால் குறிப்புப் பக்கத்தின் தலையில் அவன் பெயர் இருக்கும். எழுதுவது மட்டும் நான். கணக்குப் போட்டவளுக்குத்தானே காரணம் தெரியும் என்பான். நியாயம்தானே என்று ஏழு மாதம் எழுதிக் கொடுத்தேன்.

வருடக் கடைசியில் அந்தப் பிரிவில் ஒரே ஒரு நிரந்தர இடம். இருவருக்கும் அதன்மேல் கண். ஒரு மதியம் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பிரிண்டருக்குத் தாள் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மேலாளர் என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் பதில் தெளிவாகக் கேட்டது.

"பாவம் சார், நல்லா டைப் பண்ணுவா. யோசிக்கறதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

மற்றதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்த 'பாவம்' எலும்புவரை இறங்கியது.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். செருப்புக் கடையில் பில் போடுகிறவள் அவள். ஒரு நாளைக்கு நூறு பேர் காலைப் பார்ப்பதாலோ என்னவோ, யார் முகத்துக்கும் பயப்படமாட்டாள். மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடவா என்று கேட்டேன். சொன்னால் அழுமூஞ்சி என்ற பெயர்தான் மிஞ்சும் என்றாள்.

"யோசிக்கறது அவன்தானே? யோசிக்க விடுடி. ஒரே ஒரு தடவை விட்டுப் பாரு."

அடுத்து வந்தது ஓர் அட்டைப்பெட்டி ஆலையின் கோப்பு. அதில் இரண்டு மாதம் விற்பனை பாதியாக விழுந்திருந்தது. ஆலைக் கணக்காளருக்குப் போன் செய்தேன். வயதானவர், பொறுமையாகச் சொன்னார். பெரிய கொட்டகைக்கு இடம் மாறியதால் பாதி இயந்திரங்கள் ஓடவில்லை. ஆனால் ஒரு தொழிலாளியின் சம்பளமும் நிற்கவில்லை. நல்ல காரணம். எழுதினால் கடன் கிடைத்துவிடும் காரணம்.

எண்களில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. குறிப்புப் பக்கத்தை மட்டும் தொடவில்லை. எல்லாக் கோப்பிலும் தானாக வரும் பொதுப் பத்திகளோடு அது நிறைந்துதான் தெரிந்தது. 'குறிப்புகள் பாக்கி' என்று மெயிலின் கடைசி வரியில் எழுதி அனுப்பினேன். மாப்பிள்ளை கடைசி வரிவரை படிக்கிறவன் அல்ல.

கமிட்டி நாளில் தலைவி மேடம் அந்த இரண்டு மாதங்களையும் பென்சிலால் வட்டமிட்டு, ஏன் விழுந்திருக்கிறது என்று கேட்டார். மாப்பிள்ளை தாளைப் புரட்டினான். என்னைப் பார்த்தான். நான் என் பேனா மூடியைப் பார்த்தேன். சந்தையே மந்தம் என்றான். மற்ற ஆலைகள் அப்போது நன்றாக ஓடியதை மேடம் எடுத்துக் காட்டினார். மழை என்றான்.

"மழை இந்த ஆலை மேல மட்டும் பெஞ்சுதா?"

மேசையைச் சுற்றிச் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். எனக்கு நன்றாகத் தெரிந்த சிரிப்பு அது. இனித்தது.

பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார். கொட்டகை மாறிய விவரத்தைச் சொன்னேன்.

"தெரிஞ்சும் ஏன் எழுதலை?"

"குறிப்புப் பக்கம் அவர் எழுதறது மேடம். பேரே போட்டிருக்கு."

மேடம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நம்பினாரா, புரிந்துகொண்டாரா, எனக்குத் தெரியாது. கோப்பில் எழுதாத காரணம் கமிட்டிக்குக் காரணமே இல்லை என்பது அங்கே விதி. முடிவு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

கீழே இறங்கும்போது லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும்.

"வேணும்னேதானே பண்ணினே?"

"யோசிக்கறவன் நீதானே. யோசிச்சுப் பாரு."

நிரந்தர இடம் எனக்குக் கிடைத்தது. புது நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே ஆலைக் கணக்காளர் போன் செய்தார். கடன் தள்ளிப்போனதில் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாகிவிட்டதாம். குரலில் கோபமே இல்லை.

"உங்ககிட்ட அன்னிக்கே எல்லாம் சொன்னேனேம்மா."

சொன்னார்தான். போனை வைத்த பிறகு அந்தக் கோப்பை எடுத்தேன். முடிவு தள்ளிப்போனால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'குறிப்பு விடுபட்டது' என்று அடித்தேன். அடுத்த கட்டம், பொறுப்பு. அதில் என் பெயரின் முதல் எழுத்தை அடித்துவிட்டு நிறுத்தினேன். பதினொரு பேர். அவர்கள் என்னை என்ன செய்தார்கள்?

பாவம் சார், என்று அந்தக் குரல் மறுபடி கேட்டது. அந்த எழுத்தை அழித்தேன். மாப்பிள்ளையின் பெயரை முழுதாக, ஒரு பிழையில்லாமல் அடித்தேன். நான் நன்றாக டைப் பண்ணுவேன்.